வில்காராவின் பத்தொன்பது நாட்கள்

வேலை சரியாக முடிந்தது என்பதற்கு எங்களிடம் எல்லா அத்தாட்சியும் இருந்தது. பழைய தரவுத்தளத்தில் இருந்த வரிகள் ஆறு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று இரண்டு. புதியதில் போய்ச் சேர்ந்தவையும் அத்தனையே. ஒவ்வொரு ஊரின் மொத்த மழையையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தோம். ஒரு மில்லிமீட்டர்கூட வழியில் சிந்தவில்லை. என் மேலதிகாரி லினெட் ஹாப்குட் கையெழுத்துப் போட்டார். காலைத் தேநீருக்குக் கேரட் கேக் வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மாநில மழைப் பதிவகம் அடிலெய்டில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருக்கிறது. அங்கே பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பார்வையாளர்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு வெளியே வந்து, மழைமானியைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை எங்களுக்கு அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது. பத்து வருடம் பார்த்தால் சான்றிதழ், இருபத்தைந்து வருடம் பார்த்தால் ஒரு பேனா.

பழைய தரவுத்தளத்தை எழுதியவர் கீத் ஆட்டவே என்பவர். அவர் எழுதிய காலத்தில் கம்ப்யூட்டரில் இடம் என்பது பொன் மாதிரி. ஆகவே மழை பெய்த நாளுக்கு மட்டும் ஒரு வரி என்று வைத்துவிட்டார். பெய்யாத நாளுக்கு வரி கிடையாது. வரி இல்லையென்றால் மழை இல்லை. இது முப்பத்தைந்து வருடமாக எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

புதியது வேறு ரகம். அது நாளுக்கு ஒரு வரி கேட்டது. வரி வராத நாளுக்குத் தானே ஒரு வரியைப் போட்டுக்கொண்டு, அதில் சிவப்பு எழுத்தில் 'பதிவு இல்லை' என்று எழுதியது. பார்வையாளர் அன்று கடமையைச் செய்யவில்லை என்பது அதன் பொருள். நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த வரிகளை எண்ணினோமே தவிர, அது தானாகப் போட்டுக்கொண்ட வரிகளை எண்ணவில்லை.

புதியதில் இன்னொரு வசதியும் இருந்தது. நூற்றுக்கு எழுபது நாள் பதிவு தவறிய பார்வையாளருக்குத் தானாகவே கடிதம் போகும். அப்படியொரு வசதி இருப்பதே எங்களுக்குத் தெரியாததால் அதை யாரும் அணைத்து வைக்கவில்லை. தெற்கே மலைச்சரிவில், கடற்கரை ஓரத்தில் ஈரமான ஊர்களில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். வடக்கே காய்ந்த கோதுமை நிலத்திலும் ஆட்டுப் பண்ணைகளிலும் இருந்த எண்பத்து மூன்று பேருக்குக் கடிதம் போயிற்று. ஊர் எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு கடுமையான கடிதம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"யாரு பேசறது?"

"ரோவன். மழைப் பதிவகம்."

"நான் வெர்னா கிளைனிக். வில்காரா. உங்க லெட்டரு வந்திருக்கு. படிக்கறேன், கேட்டுக்க." கண்ணாடியை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "'அன்புள்ள தன்னார்வலரே. கடந்த 11,323 நாட்களில் தாங்கள் 1,904 நாட்கள் மட்டுமே மழைமானியைப் பார்வையிட்டுள்ளீர்கள். தங்கள் ஓய்வு நேரத்தில் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. கருவியைத் திரும்பப் பெற எங்கள் ஊழியர் வருவார்.' படிச்சது சரியா இருக்கா?"

"மிஸஸ் கிளைனிக், அது வந்து..."

"மிச்சம் ஒம்பதாயிரத்து நானூத்திப் பத்தொம்பது நாளு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நீங்க நெனக்கறீங்க?"

திரையில் வில்காராவைத் திறந்தேன். மேலிருந்து கீழ் வரை சிவப்பாக இருந்தது. அங்கங்கே கறுப்பில் ஓர் எண்.

"மழை பெய்யல ரோவன். இது வில்காரா. இங்க மழை பெய்யாது. அத எழுதத்தான் நான் தினமும் போய்ப் பாக்கறேன். வலது கை ஒடைஞ்சப்ப எடது கையால எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? பூஜ்யம்."

"தப்பு எங்க பேர்லதான். இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

"பண்ணு. மானிய எடுக்க யாராவது வந்தா கேட்ட பூட்டி வச்சிருப்பேன். வேலி ஏறித்தான் வரணும். வேலில கரண்டு ஓடுது. அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

அதற்குள் லினெட்டின் தொலைபேசியிலும் மூன்று பேர் கூப்பிட்டிருந்தார்கள். அவர் என் மேசைக்கு வந்து நின்று சிவப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலியா இருக்கறதையெல்லாம் பூஜ்யமாக்கினா எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"அப்ப என் மூஞ்சிய ஏன் பாத்துட்டிருக்க?"

ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மாநிலம் முழுக்க இருபத்து மூன்று லட்சம் சிவப்பு வரிகள் கறுப்புப் பூஜ்யங்களாயின. சந்தேகத்துக்குக் கீத் ஆட்டவேயையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஓய்வுபெற்று இப்போது அல்பாக்கா என்னும் கம்பளி மிருகங்களை வளர்க்கிறார். "பெய்யாதத எதுக்குய்யா பதியணும்?" என்று கேட்டுவிட்டு, அவற்றில் ஒன்று குட்டி போடுகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்று பிற்பகலே வெர்னாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. மொத்தத்தையும் அச்சடித்து அனுப்பு என்றார். ஈமெயிலில் அனுப்பட்டுமா என்றேன். தாளில் என்றார். முப்பத்தொரு வருடம், இருநூற்று எண்பது பக்கம், பெட்டியில் போட்டு அனுப்பினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, மறுபடியும் ஒன்பது நான்குக்கு அழைப்பு வந்தது.

"ரோவன், தொண்ணூத்தெட்டு மார்ச்சு ஆறுலேருந்து இருபத்து நாலு வரைக்கும் என்ன போட்டிருக்க?"

பார்த்தேன். "பூஜ்யம்."

"பத்தொம்பது பூஜ்யம். நான் அப்படி எழுதவே இல்ல. என் புத்தகத்துல கோடு போட்டு 'பார்க்கவில்லை'ன்னு எழுதியிருக்கேன். நான் அப்ப ஊர்ல இல்ல."

"சரி. ஆனா மழையும் பெஞ்சிருக்காதுல்ல? வில்காராதானே?"

மறுமுனையில் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"பெஞ்சுது. நான் வந்தப்ப ஓடையில தண்ணி நின்னுச்சு. கொட்டித் தீத்துடுச்சுன்னு ஊரே சொல்லுச்சு. எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீ பூஜ்யம்னு போட்டிருக்க. மொதல்ல, பெய்யலன்னு நான் சொன்னதத் தெரியாதுன்னு போட்ட. இப்ப, தெரியாதுன்னு நான் சொன்னதப் பெய்யலன்னு போடற. ஏம்ப்பா, ரெண்டுல ஒண்ணையாவது ஒழுங்காப் போடுவியா?"

அப்போதுதான் எனக்குக் குறிப்புகள் நினைவுக்கு வந்தன. பழைய தரவுத்தளத்தில் குறிப்புக்கென்று தனி அட்டவணை உண்டு. பார்வையாளர்கள் எழுதி அனுப்பும் ஒன்றிரண்டு வார்த்தைகளை அதில் ஏற்றுவோம். புதியதில் அதற்கு இடம் இல்லை. எது எங்கே போகவேண்டும் என்று நாங்கள் தயாரித்த பட்டியலில் அந்த இடத்துக்கு நேரே 'குறிப்பு: தேவையில்லை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்து.

பழைய இயந்திரம் ஜூன் முப்பது வரை ஓடும். அதைத் திறந்து வில்காராவைத் தேடினேன். 1998 மார்ச் 6: 'பார்வையாளர் வெளியூர்.' மார்ச் 25: 'திரும்பியாச்சு.' மாநிலம் முழுக்க இப்படி மூவாயிரத்து நூற்றுப் பதினாறு குறிப்புகள் இருந்தன.

லினெட்டிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு குறிப்புக்கு எத்தன நாளு?"

"படிச்சாத்தான் தெரியும். சிலது ஒரு நாளு. சிலது ஆறு மாசம்."

"அதெல்லாம் இப்ப பூஜ்யம்."

"ஆமா."

அவர் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். "நாம கேக் வேற சாப்பிட்டுட்டோம்" என்றார். பிறகு, "ஒரு பதிவ மாத்தணும்னா மூலத்தக் கண்ணால பாக்கணும். விதி பதினொண்ணு. அத எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப கார எடு. அந்தம்மாகிட்டேருந்து ஆரம்பி."

வில்காரா நான்கு மணி நேரப் பயணம். கேட் பூட்டியிருக்கவில்லை. வெர்னா கிளைனிக் எழுபது வயதைத் தாண்டியவர், என்னைவிட ஒரு பிடி உயரம், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். என் கையைக் குலுக்கியபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டுன்னு சொன்ன. பன்னண்டுக்கு வந்திருக்க" என்றார். அவரிடம் நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

சமையலறை மேசையில் முப்பத்தொரு நோட்டுப் புத்தகங்கள் வருட வரிசையில் அடுக்கியிருந்தன. மேசையின் மறு கோடியில் அவர் கணவர் மெர்வ் உட்கார்ந்து ரொட்டி வாட்டும் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய கைகள். நான் போய் அரை மணி நேரத்தில் அவர் பேசியது ஒரே வார்த்தை. "பால்?" கொஞ்சம் என்றேன். கொஞ்சம் ஊற்றினார்.

1998ஐ எடுத்து விரித்தார் வெர்னா. மார்ச் ஆறிலிருந்து இருபத்து நாலு வரை ஸ்கேல் வைத்து நீல மையில் கோடு போட்டிருந்தது. கோட்டின் மேல் தெளிவான கையெழுத்தில் 'பார்க்கவில்லை'. நான் என் படிவத்தை எடுத்தேன். புத்தகம் கண்டேன், கோடு கண்டேன், தேதி சரி என்று டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்விக்கும் பதில் வேண்டும் என்பதால் அதைப் படித்தேன்.

"'பார்வையாளர் இல்லாத காலத்தில் வேறு எவரேனும் கருவியைப் பார்வையிட்டார்களா?'"

"இல்ல" என்றார் வெர்னா.

"ஆமா" என்றார் மெர்வ்.

வெர்னா கையில் இருந்த தேநீர்க் கெட்டிலை மேசையில் வைத்தார்.

"என்ன ஆமா?"

"நான் பாத்தேன்."

"எத?"

"மானிய."

"எப்ப?"

"ஒம்பது மணிக்கு."

எனக்கு எழுந்து போய் வெளியே நிற்கலாமா என்று இருந்தது. ஆனால் படிவம் கடைசிக் கேள்வியில் நின்றது. வெர்னா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரோவன், உனக்கு விவரம் தெரியணும். தொண்ணூத்தேழு அறுவடை அடியோட போச்சு. நவம்பர்ல இந்த மனுஷன் வாய மூடுச்சு. மார்ச்சு வரைக்கும் தொறக்கல. உப்பு வேணும்னா கைய நீட்டும். நாய்கிட்டகூடப் பேசல. ஆறாந்தேதி காலைல நான் பெட்டிய எடுத்துட்டு ரென்மார்க்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வர்ற எண்ணமே இல்ல."

திரும்பி வந்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "அங்க காலைல ஒம்பது மணிக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

பிறகு மெர்வைப் பார்த்து, "நான் வந்து பாத்தப்ப மானி காலியா இருந்துச்சு" என்றார். "ஓடையில தண்ணி நிக்குது. மானில ஒரு சொட்டு இல்ல. நீ வேணும்னே கவுத்துக் கொட்டிட்டன்னு நெனச்சேன். என் மேல இருக்கற கோவத்துல. இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"அளந்துட்டுக் கொட்டினேன்" என்றார் மெர்வ். "அப்படித்தானே பண்ணணும்."

"எழுதி வச்சியா?"

"பம்ப் ஷெட்ல."

மூவரும் பம்ப் ஷெட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் நூறு அடி. கதவுக்கு உள்பக்கம் சுவரில், எண்ணெய்க் கேன்கள் வைக்கும் பலகைக்கு மேலே, தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால் பத்தொன்பது வரிகள் எழுதியிருந்தன. தேதி, மணி, அளவு. அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை.

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறு, ஏழு, எட்டு தேதிகளில் பூஜ்யம். ஒன்பதாம் தேதியில் விரலை வைத்தார்.

"அறுவத்தொண்ணு புள்ளி நாலா? அளக்கற கண்ணாடிக் குடுவை இருபத்தஞ்சுதான பிடிக்கும்."

"மூணு தடவ ஊத்தினேன். இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு. பதினொண்ணு நாலு."

வெர்னா வாய்க்குள் கூட்டிப் பார்த்தார். "கண்ண நேரா வச்சுப் பாத்தியா, மேலேருந்து பாத்தியா?"

"மண்டி போட்டு."

"சேத்துலயா?"

"சேறுதான் இருந்துச்சு."

பதினாலாம் தேதிக்கு வந்தார். "இங்க பத்தேகால்னு இருக்கு."

"எந்திரிக்கல."

"பதினஞ்சு. பதினோரு மணி."

"அன்னிக்கும்."

"தூங்கிட்டியா?"

மெர்வ் தரையைப் பார்த்தார். "இல்ல. எந்திரிக்க முடியல."

வெர்னா சுவரிலிருந்து விரலை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் அழுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"அந்த ரெண்டு நாளும் சேராது மெர்வ்" என்றார். குரல் தணிந்திருந்தது. "ஒம்பது மணிப் பார்வை இல்ல அது."

"சேராதுதான்."

"நான் வந்தப்பவே ஏன் சொல்லல?"

"வந்ததும் நீ புத்தகத்த எடுத்து ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுட்ட. இங்க்குல."

"அதனால?"

"இங்க்க அழிக்க முடியாதே."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

"நீயும் கேட்டிருக்கலாம், வெர்ன்."

வெர்னா கடைசி வரியைக் குனிந்து படித்தார். மார்ச் 24, 9 மணி, 0. அதன் பக்கத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

"இது என்ன? 'கார்'?"

"உன் கார். மூணு மணிக்கு வந்துச்சு."

"அது மழைக் குறிப்பு இல்ல."

"இல்ல" என்று மெர்வ் ஒப்புக்கொண்டார்.

நான் வெளியே வந்து லினெட்டைக் கூப்பிட்டேன். மூலப் பதிவு கிடைத்துவிட்டது, ஆனால் புத்தகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது என்றேன்.

"சுவத்தக் கொண்டுவர முடியுமா?"

"பம்ப் ஷெட்டு விழுந்துடும்."

"அப்ப படம் எடு. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடு. ரெண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கு."

ஸ்கேலை வெர்னாவே கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். படத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து, பதினேழு நாட்களை ஏற்ற உட்கார்ந்தேன். புதிய தரவுத்தளம் பார்வையாளர் எண் கேட்டது. வெர்னாவின் எண்ணைப் போடக் கூடாது என்று வெர்னாவே சொல்லிவிட்டார். "நான் பாக்கல. என் பேர எதுக்குப் போடற?" ஆகவே மெர்வைப் பார்வையாளராகப் பதிவு செய்யவேண்டியதாயிற்று. பதிவு செய்ய வேண்டுமென்றால் நாற்பது நிமிடப் பாதுகாப்புப் பயிற்சியைத் திரையில் பார்த்து, பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முன் செய்த வேலைக்கு இப்போது பயிற்சி எதற்கு என்று மெர்வ் கேட்கவில்லை. ரொட்டிக் கருவியின் பாகங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு முழுவதையும் பார்த்தார்.

முதல் தடவை தேறவில்லை. ஏணியில் ஏறும்போது எத்தனை இடத்தில் உடம்பு பிடிமானம் கொள்ளவேண்டும் என்ற கேள்வியில் தவறிவிட்டார்.

"மானி இடுப்பு உயரத்துல இருக்கு. ஏணி எதுக்குய்யா?" என்றார் என்னிடம்.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு மெர்வ்" என்றார் அடுப்படியிலிருந்து வெர்னா. "மூணு எடத்துல."

"நீ சொல்லித் தரக் கூடாது."

"அப்ப மறுபடி பாரு."

மறுபடி பார்த்தார். தேறினார். அவருக்கு 4471 என்ற எண் கிடைத்தது. பதினேழு நாட்கள் மெர்வ் கிளைனிக் பெயரில் ஏறின. பதினாலும் பதினைந்தும் 'பதிவு இல்லை' என்று சிவப்பில் நின்றன. அந்த மார்ச்சில் வில்காராவில் எண்பத்தெட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. அந்த ஊரின் முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு பெய்த மாதம் வேறில்லை. அறுவடை போனதற்கு நான்கு மாதம் கழித்துப் பெய்ததால் யாருக்கும் பயன்படவில்லை.

வெர்னா எனக்கு ஒரு பெரிய துண்டு பழக் கேக்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். மெர்வ் கார் வரை கூட வந்தார். கண்ணாடியை இறக்கினேன். ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்ததால் எஞ்சினைக் கிளப்பாமல் இருந்தேன்.

"உங்க லெட்டரு" என்றார். "அது வந்த அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல."

"புரியுது. மன்னிச்சிடுங்க."

"உன்னத் திட்டல. சொல்றேன்." காரின் கூரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த பதினோரு வாரம் குறிப்புகளையும், விதி பதினொன்றுக்காகப் பார்வையாளர்கள் அனுப்பிவைத்த புத்தகங்களையும் படித்தேன். பழைய இயந்திரத்தை ஜூன் முப்பதில் அணைக்கக் கூடாது என்று லினெட் யார் யாரிடமோ சண்டை போட்டு ஆகஸ்ட் வரை நீட்டிப்பு வாங்கினார். மூவாயிரத்து நூற்றுப் பதினாறையும் ஒவ்வொன்றாகப் படிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 'மகள் கல்யாணம், நாலு நாள்' என்று இருந்தால் நான்கு பூஜ்யத்தை எடுக்கவேண்டும். 'தவளை உள்ளே உட்கார்ந்திருந்தது, எடுத்துவிட்டு அளந்தேன்' என்று இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 'மறந்துவிட்டேன்' என்று ஒருவர் ஒரே வருடத்தில் நாற்பது தடவை எழுதியிருந்தார். கூப்பிட்டு விசாரித்தேன். மறந்த நாளை மட்டும் மறக்காமல் குறித்து வைத்ததாகச் சொன்னார். இன்னொரு ஊரில் 1989 ஜூலையிலிருந்து ஏழு மாதத்துக்கு 'பார்வையாளர் காலமானார்' என்று ஒரே குறிப்பு. அதன் பிறகு வேறு கையெழுத்தில் எண்கள் தொடங்கின. இப்படிப் பதினாலாயிரத்து இருநூற்று அறுபது பூஜ்யங்கள் மறுபடியும் சிவப்பாயின. லினெட் வாரம் ஒருமுறை வந்து எத்தனை என்று கேட்பார். சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். கேக் வரவில்லை.

எண்பத்து மூன்று மன்னிப்புக் கடிதங்களையும் லினெட் தன் கையாலேயே எழுதினார். தானாகப் போகும் கடிதம் எதையும் இனி நம்புவதில்லை என்றார். அவர் கையெழுத்துப் படிக்கும்படி இல்லாததால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பதினைந்து பேர் கூப்பிட்டார்கள். அந்தத் தொலைபேசிகளை எல்லாம் நான் எடுத்தேன்.

அக்டோபரில் வெர்னா ஒரு வாரம் ரென்மார்க் போனார். முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தார்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை 4471. அந்த மாதத் தாள் வந்ததும் நானே எண்களை ஏற்றினேன். ஆறு பூஜ்யம், ஓர் ஏழு.

மறுவாரம் ஒன்பது நான்குக்கு அழைத்தார்.

"ரோவன், பதினேழாந்தேதி செவ்வாக்கெழம என்ன போட்டிருக்க?"

"ஏழு."

"அது ஏழில்ல. ஒண்ணு. இந்த மனுஷன் ஒண்ணுக்குத் தலைல குடுமி வெக்கும்."

"நிச்சயமாவா?"

"எனக்கும் மொதல்ல ஏழுன்னுதான் பட்டுச்சு. இப்பத்தான் போய்க் கேட்டேன். ஒண்ணாம்."

பின்னால் மெர்வின் குரல் கேட்டது. ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இரு, இரு, நீயே பேசு" என்று வெர்னா அவரிடம் தொலைபேசியைக் கொடுத்தார். மெர்வ் அந்தச் செவ்வாய்க்கிழமை மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை மணிக்குத் தூறியது, ஏன் நீடிக்கவில்லை என்று எனக்குப் பத்து நிமிடம் விவரித்தார். நான் எண்ணைத் திருத்தினேன். வில்காராவுக்கு அந்த மாதக் கணக்கில் ஆறு மில்லிமீட்டர் குறைந்தது.